ஒன்றே போதும்படி: பொருள்களைக் குறைத்து, மிஞ்சியதைப் பழுது பார்த்த அனுபவம்

பயன்படுத்தாமல் எடுத்து வைத்த பொருள் வைத்தது வைத்தபடி இருக்கும் என்று நம்பித்தான் நாம் சேர்த்து வைக்கிறோம். வீட்டிலுள்ளவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக் குறைக்கத் தொடங்கியபோது, அந்த நம்பிக்கை எவ்வளவு தவறு என்பது முதலில் விளங்கியது.

பாலியூரித்தேன் சோல் உள்ள காலணியை நல்ல நாளுக்கு என்று பெட்டியில் பத்திரப்படுத்தினால், காற்றிலுள்ள ஈரம் அந்தச் சோலைச் சிறிது சிறிதாகச் சிதைத்துக்கொண்டே இருக்கும். சில ஆண்டுகள் கழித்துப் போட்டுக்கொண்டு நடந்தால் அடிப்பாகம் துண்டு துண்டாக உதிரும். பழைய டேப் ரிக்கார்டரின் ரப்பர் பெல்ட் சும்மா கிடந்தே இளகிப் பிசுபிசுத்துவிடும். இங்க்ஜெட் பிரிண்டரை ஓட்டாமல் விட்டால் மை காய்ந்து நுண்துளைகளை அடைத்துக்கொள்ளும். லெட் ஆசிட் பேட்டரி சார்ஜ் இறங்கிய நிலையிலேயே கிடந்தால் தகடுகளில் சல்பேட் இறுகி, பிறகு சார்ஜ் ஏற மறுக்கும். செயற்கைத் தோல் உரிகிறது, எலாஸ்டிக் தளர்கிறது. அலமாரிக்குள் இருப்பதும் ஒருவகையில் தேய்ந்துகொண்டேதான் இருக்கிறது. நம் கண்ணில் படுவதில்லை, அவ்வளவே.

ஆக, ஒரு பொருளை வைத்துக்கொள்வது என்றால் அதைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பையும் சேர்த்தே ஏற்கிறோம். எனக்கு இருப்பதோ இரண்டு கைகளும் வாரக் கடைசியில் கிடைக்கும் சில மணி நேரமும். எத்தனை பொருள் வேண்டும் என்பதை இனி அலமாரியின் கொள்ளளவு முடிவு செய்ய வேண்டாம், என்னால் எத்தனையைப் பராமரிக்க முடியுமோ அது முடிவு செய்யட்டும் என்று தீர்மானித்தேன். அந்த வேலையின் பதிவு இது. தூக்கிப் போட்டதைவிட உட்கார்ந்து சரிசெய்ததைப் பற்றித்தான் இதில் அதிகம் இருக்கும். எனக்கு மனநிறைவு வந்ததும் அந்தப் பக்கத்திலிருந்துதான்.

வகை வகையாக

அறை அறையாகப் போகாமல் வகை வகையாகப் போனேன். ஒரே வகைப் பொருள் வீட்டில் பல இடங்களில் சிதறிக் கிடக்கிறது. சமையலறையில் ஒரு கத்தரிக்கோல், தையல் பெட்டியில் ஒன்று, எழுதும் மேசையில் ஒன்று, படிக்கட்டின் கீழே ஒன்று. தனித்தனியாகப் பார்க்கும்போது ஒவ்வொன்றும் அங்கங்கே தேவையானதாகத்தான் தோன்றும். வீட்டிலுள்ள அத்தனை கத்தரிக்கோலையும் ஒரே பாயில் பரப்பிப் பார்த்தால்தான் சேதி தெரியும்.

அப்படிப் பரப்பிப் பார்த்தபோது இரண்டாவது உண்மை தெரிந்தது. ஒன்று நாலானதற்கு ஆசை அவ்வளவாகக் காரணம் இல்லை. பழுதுதான் காரணம். ஒரு கத்தரிக்கோல் மழுங்கியதும் அதைச் சாணை பிடிக்காமல் இன்னொன்று வாங்கியிருக்கிறோம். அதன் திருகு தளர்ந்ததும் மூன்றாவது. மழுங்கியதைத் தூக்கிப் போடவும் மனமில்லை, எடுத்துச் சரிசெய்யவும் நேரமில்லை. கத்தி, குடை, டார்ச், இயர்போன் எல்லாமே இதே கதைதான். நன்றாக வேலை செய்யும் ஒன்று கையில் இருந்திருந்தால் மற்றவை வீட்டுக்குள் வந்தே இருக்காது.

எனவே கட்டாயம் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளச் சொல்வேன். பொருளின் பெயர், அதில் என்ன குறை, சரிசெய்ய என்ன வேண்டும், இந்த மூன்றும் போதும். குறை இல்லாமல் அன்றாடம் பயன்படுவது ஒரு குவியல். பழுது பார்த்தால் பயன்படும் என்பது ஒரு குவியல். இந்த வீட்டில் இனி வேலையில்லாதது ஒரு குவியல். நடுக்குவியலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கடைசித் தேதி எழுதிவிட வேண்டும். அந்தத் தேதிக்குள் அதை எடுத்துக்கொண்டு உட்காரவில்லை என்றால், சரிசெய்யத் தெரிந்த வேறொருவர் கைக்கு அது போய்விட வேண்டும். தேதி எழுதாத பழுதுக் குவியல் மறுபடியும் அலமாரிக்குள்தான் போகும்.

‘என்னைக்காவது உதவும்’

கையைவிட மனம்தான் அதிகம் தடுத்தது. நம்மிடம் இருக்கிறது என்பதாலேயே ஒன்றைக் கூடுதலாக மதிக்கும் இந்தப் போக்குக்குப் பொருளியலாளர் ரிச்சர்ட் தாலர் 1980இல் உடைமை விளைவு என்று பெயர் வைத்தார். 1990இல் அவரும் உளவியலாளர் டேனியல் கானமனும் பொருளியலாளர் ஜாக் நெட்ஷும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் பயன்பட்டது. கார்னெல் பல்கலைக்கழக மாணவர்களில் ஒரு பாதிப் பேருக்குக் குவளை ஒன்றைக் கொடுத்தார்கள். குவளை கிடைத்தவர்கள் அதை விற்பதற்குக் கேட்ட விலை, கிடைக்காதவர்கள் அதையே வாங்கத் தர முன்வந்த விலையைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. கைக்கு வந்து சற்று நேரமே ஆன குவளைக்கே இப்படி என்றால், ஆண்டுக்கணக்கில் நம்முடன் இருந்ததை நாம் எப்படி எடை போடுவோம் என்று யோசித்துப் பாருங்கள்.

அதனால் கேள்வியை மாற்றிக்கொண்டேன். ‘இதைக் கொடுத்துவிடலாமா?’ என்று கேட்டால் மனம் வேண்டாம் என்றே சொல்லும். ‘இது என்னிடம் இல்லை என்று வைத்துக்கொள்வோம், நாளைக்குத் தேடிப் போய் வாங்குவேனா?’ என்று கேட்டால் பதில் சட்டென்று வந்துவிடுகிறது. துணிகளில் பெரும்பகுதி இந்த ஒரு கேள்வியிலேயே பிரிந்துவிட்டது.

ஒரு விதியை மட்டும் எக்காரணம் கொண்டும் மீறவில்லை. என் பொருள்களை மட்டுமே நான் தொடுவேன், அடுத்தவர் பொருளில் கை வைக்க மாட்டேன். அப்பாவின் கருவிப் பெட்டியைப் பற்றிப் பேச்சு வந்தபோது அவர் உடனே சொன்னார், “அது இருக்கட்டும்மா, என்னைக்காவது உதவும்.”

“சரிப்பா, ஒண்ணும் எடுக்கல. எது எதுக்கு உதவும்னு மட்டும் சொல்லுங்க, எழுதி வெச்சுக்கறேன்.”

ஒவ்வொரு கருவியாக எடுத்துக் காட்டிச் சொல்லிக்கொண்டு வந்தார். எந்த ஸ்பேனர் எந்த அளவு, எந்த அரம் எதற்கு, குறடு பிடிக்கும்போது விரல் எங்கே இருக்க வேண்டும் என்பது வரை. சொல்லச் சொல்ல, ஒரே அளவில் இரண்டு இருப்பதையும் பல் தேய்ந்துபோனதையும் அவரே தனியே எடுத்து வைத்தார். “இதெல்லாம் யாருக்காவது குடும்மா” என்றார். மிச்சமிருந்த கருவிகளை வைத்துத்தான் இந்தப் பதிவில் வரும் எல்லாப் பழுதும் பார்க்கப்பட்டது. என்னைக்காவது உதவும் என்பதை வெறும் பிடிவாதம் என்று ஒதுக்கக் கூடாது என்று அன்றைக்குப் புரிந்தது. எதற்கு உதவும், எப்படி உதவும் என்று தெரிந்தவர் சொன்னால் அது அறிவு. அந்த அறிவும் பொருளோடு சேர்ந்து கைமாற வேண்டும்.

காகிதமும் வயரும்

இவற்றை விரைவாகவே சொல்லிவிடுகிறேன். உத்தரவாத ரசீதுகள் பல வெப்பக் காகிதத்தில் அச்சானவை. சூட்டிலும் வெளிச்சத்திலும் எழுத்து மங்கிவிடும், ஃபைலில் பத்திரமாக வைத்தாலும் ஒருநாள் வெற்றுத்தாள்தான் மிஞ்சும். வாங்கிய அன்றே படம் எடுத்துவிட வேண்டும். பழைய புகைப்படங்களை 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற நுணுக்கத்தில், ஸ்கேன் செய்தால் அதே அளவில் மறுபடி அச்சிடலாம். பெரிதாக்க நினைத்தால் 600 நல்லது. ஒரே டிஸ்கில் மட்டும் வைக்க வேண்டாம். ஒரு பிரதி வீட்டுக்கு வெளியே இருக்கட்டும்.

சார்ஜர் டப்பாவுக்கு மின்னழுத்தம் அளக்கும் ஒரு மல்டிமீட்டரும் கொஞ்சம் பேப்பர் டேப்பும் போதும். ஒவ்வொரு அடாப்டரும் எந்தக் கருவிக்கு என்று டேப்பில் எழுதி ஒட்டினேன். எதற்கு என்று தெரியாததை இன்னொரு கருவிக்குப் பொருத்த நினைத்தால் மூன்றைப் பார்க்க வேண்டும். வெளியீட்டு வோல்ட் ஒன்றாக இருக்க வேண்டும். ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. உருளை முனை என்றால் நடுவில் நேர் மின்முனையா எதிர் மின்முனையா என்ற குறியும் ஒத்துப்போக வேண்டும். மூன்றும் ஒத்துவராதவை மின்கழிவுக்குப் போயின.

நாற்காலி

ஆடும் மர நாற்காலி ஒன்று. அது ஆடியதால்தான் பிளாஸ்டிக் நாற்காலிகள் வீட்டுக்குள் வந்தன. எனவே மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இதை எடுத்துக்கொண்டேன்.

ஆடும் மூட்டில் ஆணி அடிப்பதும் இரும்புப் பட்டை வைத்து முடுக்குவதும் வழக்கம். அதைச் செய்ய வேண்டாம். மூட்டு உள்ளே தளர்ந்தபடியே இருக்க, ஆட்டம் முழுவதையும் ஆணி தாங்க நேரும். கடைசியில் மரம் பிளக்கும். சரியான வழி, தளர்ந்த மூட்டுகளை முழுதாகப் பிரித்துப் பழைய பசையை எடுத்துவிட்டுப் புதிதாக ஒட்டுவது.

பிரிப்பதற்கு முன் ஒவ்வொரு மூட்டின் இரண்டு பக்கமும் பேப்பர் டேப் ஒட்டி ஒரே எண்ணை எழுதினேன். பார்க்க ஒன்றுபோல இருக்கும் குறுக்குச் சட்டங்கள் உண்மையில் ஒன்றுக்கொன்று இம்மி அளவு வித்தியாசப்படும். இடம் மாறினால் நாற்காலி நேராக நிற்காது. பிறகு ரப்பர் சுத்தியலால் மெதுவாகத் தட்டித் தட்டிக் கழற்றினேன். கழன்று வர மறுக்கும் மூட்டு நன்றாக இருக்கிறது என்று பொருள். அதை அப்படியே விட்டுவிடலாம்.

இனி வருவதுதான் வேலையின் உயிர். காய்ந்த வெள்ளை மரப்பசைமேல் புதுப் பசை சரியாக ஒட்டாது. பசை மரத்தின் நார்களுக்குள் ஊறினால்தான் பிடிப்பு வரும், பழைய படலம் அதைத் தடுக்கிறது. வெதுவெதுப்பான வினிகரில் துணியை நனைத்து மூட்டு முனையைச் சுற்றி வைத்தால் பழைய பசை ஊறி வெளுக்கும். அதைச் சுரண்டியெடுத்து, துளைக்குள்ளும் அதேபோலச் செய்து, மரத்தின் சொந்த நிறம் தெரியும்வரை விடவில்லை. மிகப் பழைய நாற்காலி என்றால் விலங்குப் பசையாக இருக்கலாம். அது வெந்நீருக்கே இளகும். எதுவானாலும் சுத்தம் செய்த பிறகு மரம் நன்றாகக் காய வேண்டும். ஈரமான மரத்தில் ஒட்டினால் காயும்போது மரம் சுருங்கி, மூட்டு மறுபடியும் தளரும்.

பசை போடாமல் ஒருமுறை முழு நாற்காலியையும் பூட்டிப் பார்த்தேன். ஒரு முனை துளைக்குள் லொடலொடவென்று இருந்தது. வெள்ளைப் பசை இடைவெளியை நிரப்பும் திறன் உள்ளதல்ல, இரண்டு மரப்பரப்பும் நெருங்கி இருந்தால்தான் வலுக் கொடுக்கும். எனவே மெல்லிய மரச்சீவலை அந்த முனையைச் சுற்றி ஒட்டி, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்து, கையால் அழுத்தினால் இறுக்கமாக நுழையும் அளவுக்குக் கொண்டுவந்தேன்.

பிறகு முனையிலும் துளையிலும் பசை தடவிப் பூட்டி, சமதளமான தரையில் நிறுத்தினேன். கிளாம்ப் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. கால்களைச் சுற்றிக் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டி, நடுவில் ஒரு குச்சியைச் செருகி முறுக்கினால் நன்றாக இறுகும். கயிறு படும் இடத்தில் துணி வைத்தால் மரத்தில் தழும்பு விழாது. மூலைவிட்டங்கள் இரண்டையும் அளந்து பார்க்க வேண்டும். இரண்டும் சமமாக இருந்தால் நாற்காலி கோணாமல் இருக்கிறது. பிதுங்கிய பசையை அப்போதே ஈரத்துணியால் துடைத்துவிட்டால் பிறகு சுரண்ட வேண்டியதில்லை. 24 மணி நேரம் தொடவே இல்லை.

அதில் முதன்முதலாக அப்பா உட்கார்ந்தபோது சத்தமே வரவில்லை. ஒரு பொருள் தன் வேலையை முழுமையாகச் செய்வதைப் பார்க்கும் சந்தோஷத்தைப் புதுப் பொருளின் பெட்டியைப் பிரிக்கும்போது நான் அனுபவித்ததில்லை. அந்த நாற்காலியில் எந்த மூட்டு முதலில் தளரும், எந்தச் சட்டத்தில் முடிச்சு இருக்கிறது என்று இப்போது எனக்குத் தெரியும். பிளாஸ்டிக் நாற்காலிகள் நல்ல நிலையில் வேறொரு வீட்டுக்குப் போய்விட்டன.

மிக்ஸி

இது சில நேரம் ஓடும், சில நேரம் ஓடாது. ஒரு பக்கம் தட்டினால் ஓடும். ஓடும்போது கீழே உள்ள இடுக்கு வழியாக நீலப் பொறி தெரியும். இந்த அறிகுறிகள் எல்லாம் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். சுத்தமாகவே ஓடவில்லை என்றால் முதலில் அடியிலுள்ள ஓவர்லோட் பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும். பாரம் அதிகமாகி மோட்டார் சூடேறினால் அது தானாகவே இணைப்பைத் துண்டித்துவிடும். அது தெரியாமல் நல்ல மிக்ஸியை ஓரங்கட்டிவிட்டுப் புதிது வாங்கியவர்களை நான் அறிவேன்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் எதையும் திறக்க வேண்டும். அடிப்பக்கத் திருகுகளில் சில, ரப்பர் கால்களுக்கு அடியில் ஒளிந்திருக்கும். திறந்ததும் வயர் எங்கெங்கே போகிறது என்று படம் எடுத்துக்கொள்ள வேண்டும். சுழலும் தண்டில் செம்புப் பட்டைகள் வரிசையாகப் பதித்த வளையம் இருக்கும், அதுதான் காம்யூட்டேட்டர். அதன் இரண்டு பக்கமும் எதிரெதிரே ஸ்பிரிங் அழுத்த இரண்டு கரித்துண்டுகள் உரசிக்கொண்டிருக்கும். மின்சாரம் சுழலும் பகுதிக்குப் போவது இந்த உரசல் வழியாகத்தான். மோட்டாரில் தேய்வதற்கென்றே வைக்கப்பட்ட பாகம் இது. மற்ற பாகங்கள் தேயாமல் இருக்க இந்தக் கரி தேய்ந்துகொடுக்கிறது. அதை மாற்றாமல் மோட்டாரையே கழித்துக் கட்டுவது அநியாயம்.

என் மிக்ஸியில் ஒன்று ஸ்பிரிங் எட்டிப் பிடித்து அழுத்த முடியாத அளவுக்குத் தேய்ந்திருந்தது. அகலமும் தடிமனும் அதே அளவில் உள்ள புது ஜோடி போட்டேன். ஒன்று நன்றாக இருந்தாலும் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும், அப்போதுதான் உரசல் இரண்டு பக்கமும் ஒரே சீராக இருக்கும். கூட்டுக்குள் கரித்துண்டு தடையின்றி வழுக்கிப் போய்வர வேண்டும். சிக்கினால் பொறி நிற்காது. உள்ளே படிந்த கரித்தூளைக் காய்ந்த பிரஷ்ஷால் துடைத்தேன். மூடிய பிறகு ஜார் போடாமல் சிறிது நேரம் ஓட்டினால் புதுக் கரி வளையத்தின் வளைவுக்கு ஏற்பத் தேய்ந்து படிந்துகொள்ளும். முதலில் கொஞ்சம் பொறி தெரியும், பிறகு அடங்கும்.

எல்லையையும் சொல்லியாக வேண்டும். மைக்ரோவேவ் அடுப்பை நான் திறப்பதில்லை, யாரும் வீட்டில் திறக்க வேண்டாம். அதன் உயர் அழுத்தக் கெப்பாசிட்டர், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உயிரை எடுக்கும் அளவு மின்னேற்றத்தை வைத்திருக்கக்கூடும். உப்பிய லித்தியம் பேட்டரியைக் குத்தவோ அழுத்தவோ சார்ஜ் போடவோ கூடாது. தீப்பிடிக்கும். பயன்பாட்டை உடனே நிறுத்தி, எரியும் பொருள்களிலிருந்து தள்ளி வைத்து, பேட்டரிக் கழிவு பெறும் இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஒரு கத்தி, ஒரு ரிமோட்

மழுங்கிய கத்திகளில் நல்ல எஃகு உள்ள ஒன்றைத் தேர்ந்தெடுத்து 1000 கிரிட் (கல்லின் நயத்தைக் குறிக்கும் எண்) சாணைக்கல்லில் தீட்டினேன். பக்கத்துக்கு 15 முதல் 20 டிகிரி சாய்வு. சாய்வு எவ்வளவு என்பதைவிட, கடைசிவரை ஒரே சாய்வில் கை நிற்பதே முக்கியம். ஒரு பக்கம் தீட்டத் தீட்ட மறுபக்கம் விளிம்பில் மெல்லிய பிசிர் எழும்பும். விரல் நுனியை விளிம்புக்குக் குறுக்கே, உள்ளிருந்து வெளியே மெதுவாக இழுத்தால் தட்டுப்படும். பிடியிலிருந்து முனைவரை பிசிர் எழும்பினால்தான் அந்தப் பக்கம் முடிந்தது. திருப்பிப் போட்டு அதேபோலச் செய்து, கடைசியில் அழுத்தமே இல்லாமல் பக்கம் மாற்றி மாற்றி இழுத்துப் பிசிரை எடுத்துவிட வேண்டும். தாளைத் தொங்கவிட்டு இழுத்தால் கிழிக்காமல் அறுக்கும். இப்போது இழுப்பறையில் ஒரே ஒரு கத்திதான், யாரும் இன்னொன்று கேட்கவில்லை.

ரிமோட்டில் கசிந்த வெள்ளைப் படிவு காரத்தன்மை உள்ளது. கையுறை போட்டுக்கொண்டு, பஞ்சில் சில துளி வினிகர் தொட்டுத் துடைத்தால் கரையும். பிறகு ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவைக்க வேண்டும். இது ஆல்கலைன் பேட்டரிக்கு. பழைய கார்பன்-துத்தநாக பேட்டரியின் கசிவு அமிலத்தன்மை உள்ளது, அதற்குச் சமையல் சோடாக் கரைசல். பழைய பேட்டரியையும் புதியதையும் கலந்து போடாமல் இருந்தாலே கசிவு குறையும்.

பொத்தான் தைப்பது, பிரிந்த தையலைத் திரும்ப ஓட்டுவது எல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒன்று மட்டும் சொல்கிறேன். பொத்தானுக்கும் துணிக்கும் நடுவில் ஒரு தீக்குச்சியை வைத்துத் தைத்து, குச்சியை எடுத்துவிட்டு அந்த இடைவெளியில் நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டால் கெட்டித் துணியிலும் பொத்தான் இழுபடாமல் நிற்கும்.

கொடுப்பதும் ஒரு வேலை

வேண்டாததை யாரிடமாவது தள்ளிவிடுவதற்கும் கொடுப்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. ஜிப் போன பையை, சுவிட்ச் வேலை செய்யாத விளக்கைக் கொடுப்பது நம் பழுதை இன்னொருவர் தலையில் கட்டுவது. வாங்குபவர் கூச்சத்தால் மறுக்க மாட்டார், அவர் வீட்டு அலமாரிக்கு அது சுமையாகும். எனவே கொடுக்கும் பொருளையும் வைத்துக்கொள்ளும் பொருளைப் போலவே பழுது பார்த்தேன். துவைத்து, பொத்தான் தைத்து, ஓட்டிப் பார்த்து, என்ன குறை இருக்கிறது என்பதையும் வாய்விட்டுச் சொல்லிக் கொடுத்தேன். வேலை இரட்டிப்பாகிறதுதான். இனி ஒன்றை வீட்டுக்குள் கொண்டுவருவதற்கு முன் யோசிக்க வைப்பதும் அந்த இரட்டிப்பு வேலைதான்.

பழைய ஆண்ட்ராய்டு போனைக் கொடுக்கும்போது, ரீசெட் செய்வதற்கு முன் செட்டிங்ஸில் போய் கூகுள் கணக்கை நீக்க வேண்டும். நீக்காமல் அழித்தால், அடுத்தவர் போனைத் திறக்கும்போது உங்கள் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டு நின்றுவிடக்கூடும். சிஎஃப்எல் விளக்கிலும் டியூப் லைட்டிலும் பாதரசம் உண்டு, உடைக்காமல் தனியாகச் சேர்க்க வேண்டும்.

குறைத்த பிறகு

உளவியலாளர்கள் பிலிப் பிரிக்மனும் டொனால்ட் கேம்பெலும் 1971இல் எழுதிய கட்டுரை ஒன்று, புதியது கிடைத்த சந்தோஷம் சீக்கிரமே பழகிப்போய் மனம் பழைய இடத்துக்கே திரும்பிவிடுவதைப் பற்றிப் பேசுகிறது. ஓடிக்கொண்டே இருந்தும் நின்ற இடத்திலேயே இருக்கிற டிரெட்மில்லோடு அதை ஒப்பிடுவார்கள். குறைப்பதற்கும் இது பொருந்தும் என்பது என் அனுபவம். காலியான அலமாரி தந்த லேசான உணர்வு விரைவில் பழகிவிட்டது. அதை மட்டும் நம்பியிருந்தால், மேலும் மேலும் தூக்கிப் போடத் தோன்றியிருக்கும். பழகாமல் இருப்பது வேறொன்று. கத்தியைத் தீட்டும்போதும், நாற்காலியின் மூட்டைத் தொட்டுப் பார்க்கும்போதும், ‘இது நன்றாக இருக்கிறது, எனக்கு இது போதும்’ என்று ஒவ்வொரு முறையும் புதிதாகவே தோன்றுகிறது. கவனிப்பு திரும்பத் திரும்பச் செய்யும் வேலை என்பதால் இருக்கலாம்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். குறைத்துக்கொள்வது வேறு, இல்லாமை வேறு. தேவைப்பட்டால் மறுபடி வாங்கிக்கொள்ள முடியும் என்ற நிலையில் இருப்பவருக்குக் கொடுத்துவிடுவது எளிது. அந்த வசதி இல்லாதவர் ஒரு துண்டு வயரையும் எடுத்து வைப்பதில் முழு நியாயம் இருக்கிறது. பொருள் குறைந்த வீட்டை உயர்ந்தது என்றும் நிறைந்த வீட்டை அலங்கோலம் என்றும் பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. தையல் தொழில் செய்பவர் வீட்டில் துணித்துண்டுகள் மூட்டையாகத்தான் இருக்கும், இருக்கவும் வேண்டும். அவர் அவற்றைக் கவனித்துக்கொள்கிறார்.

வாங்கும்போது பார்க்கும் பார்வை மாறியிருக்கிறது. முதலில் பொருளைத் தலைகீழாகத் திருப்பிப் பார்க்கிறேன். திருகு இருக்கிறதா, ஒட்டி மூடியிருக்கிறார்களா? பேட்டரியைக் கழற்ற முடியுமா? தேயும் பாகம் எது, அது தனியாகக் கிடைக்குமா? இதைக் கவனிக்க எனக்கு நேரம் இருக்கிறதா? கடைசிக் கேள்வியிலேயே பெரும்பாலானவை நின்றுவிடுகின்றன. வேண்டும் என்ற எண்ணத்தை அடக்கியதாகத் தோன்றவில்லை. வீட்டிலிருக்கும் ஒன்று நன்றாக ஓடுவது நினைவுக்கு வருகிறது, கை தானாகவே பொருளைத் திரும்ப வைத்துவிடுகிறது.

நோட்டுப் புத்தகத்தில் இப்போது பராமரிப்புப் பட்டியல் மட்டும்தான். நாற்காலி மூட்டுகளைப் பருவம் மாறும்போது ஆட்டிப் பார்க்க வேண்டும். சும்மா இருக்கும் லேப்டாப் பேட்டரியைப் பாதி சார்ஜில் வைத்து, அவ்வப்போது எடுத்துப் பார்க்க வேண்டும். சாணைக்கல் நடுவில் குழிய ஆரம்பித்திருக்கிறது. தடித்த கண்ணாடிப் பலகைமேல் நீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாளை ஒட்டி, கல்லின் முகத்தில் பென்சிலால் கட்டம் போட்டு, கோடு எல்லாம் அழியும்வரை தேய்த்துச் சமப்படுத்த வேண்டும். இந்த வாரக் கடைசி வேலை அதுதான். குடைக் கம்பி ஒன்று கழன்றிருக்கிறது, அதற்குத் தேதி இன்னும் போடவில்லை.